குறடு அக்காவும் என் கலியாணக் காரும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் குறடு அக்கா ஒருமுறையாவது கழற்றிப் பூட்டாத பொருள் கிடையாது. கப்பல்கள் மட்டும் தப்பின. அதுவும் வாசலில் நிற்கிற நேவிக்காரர் அவரை உள்ளே விடாததால்.

எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் கடிதம், கணக்கு எல்லாம் பார்க்கிற தலைமை லிகிதர் அவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கைப்பையில் சீப்பு இருக்காது, குறடு இருக்கும். கூடவே ஒரு சின்னப் பால்மாத் தகரப் பேணியும் இருக்கும். ஏனென்றால் அக்கா எதைக் கழற்றிப் பூட்டினாலும் ஒரு சாமான் மிஞ்சும். மிஞ்சியது பேணிக்குள் போகும்.

"அது இல்லாமலும் வேலை செய்யுதோ இல்லையோ? அப்ப கொம்பனிக்காரன் கூடப் போட்டிட்டான்" என்பார்.

முதலாளியின் சுழல் கதிரையைத் திருத்தினார். அது மேலே போனது, கீழே வர மறுத்துவிட்டது. மனுசன் ஒரு கிழமை கால் தொங்கத் தொங்க இருந்து கையெழுத்து வைத்தார். அக்காவோ, "உயரத்திலை இருந்தால்தானே முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவரின் கண்ணில் என் கார் றிமோட் பட்டது. கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, பாவித்த ஜப்பான் கார் ஒன்று வாங்கியிருந்தேன். றிமோட்டை நாடியில் அழுத்திப் பிடித்தால்தான் கதவு திறக்கும். பார்ப்பவர்களுக்கு நான் பல்வலிக்காரன்.

"தம்பி, பற்றறி செத்துப்போச்சு. இஞ்சை தாரும் பாப்பம்."

"வேண்டாம் அக்கா, கடையிலை மாத்திறன்."

"கடைக்காரனுக்கு ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை. தாரும்!"

தந்தேன். அவர் பழைய டிஜிற்றல் நிறுவைத் தராசு ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த பற்றறியைப் போட்டு மூடினார். பேணிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவு திறந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புத்திக்கு என்னை நானே உதைக்க வேண்டும்.

கலியாணம் சல்லி அம்மன் கோவிலில். தாலி இருந்த தட்டம் பத்திரமாக இருக்கட்டுமென்று அதைக் காருக்குள் வைத்துப் பூட்டினேன். ஐயர் தட்டத்தைக் கேட்டபோது றிமோட்டை அமத்தினேன். கார் அசையவில்லை. நாடியில் வைத்தேன், நெற்றியில் வைத்தேன். மாப்பிள்ளை ஏதோ புதுச் சடங்கு செய்கிறார் என்று சனம் கூடிவிட்டது.

"நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிசம்" என்றார் ஐயர். என் மாமனார் ஒரு கருங்கல்லோடு காருக்குக் கிட்ட வந்தார்.

"கல்லைக் கீழை போடுங்கோ!" புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தார். "தராசுப் பற்றறிதானே, என்ரை பிழை. நான் திறக்காமல் விடன்."

நேரே மணவறைக்குப் போய், அலங்காரத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் மெழுகுதிரியைக் கழற்றிப் பற்றறியை எடுத்தார். அது சட்டைப் பொத்தான் அளவு. ஆடியது, பொருந்தவில்லை.

"ஏலாது பிள்ளை, உடைப்பம்" என்றார் மாமனார்.

"ஏலும்!" அக்கா நிலத்தில் குந்தி, பேணியை மடியில் கொட்டினார். பற்றறி ஒன்றாவது கிடக்குமா என்று தேடினார். ஆணி, சுருள்கம்பி, முதலாளியின் கதிரைத் துண்டு. கடைசியாக ஒரு மெல்லிய நீட்டுத் தகடு விழுந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார். றிமோட்டின் ஓரத்து இடுக்கைப் பார்த்தார். செருகினார். அச்சொட்டாகப் போய் இருந்தது. அக்காவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஐயோ தம்பி, கார்க்கதவின்ரை திறப்பு, சாவி! பற்றறி செத்தால் திறக்கத்தான் உள்ளுக்கை வைச்சிருக்கிறாங்கள். பல்லில்லாத தகட்டைத் திறப்பெண்டு ஆர் கண்டது? நான்தான் எடுத்துப் பேணிக்குள்ளை போட்டனான்."

கதவு திறந்தது. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆனால் றிமோட் இல்லாமல் திறந்த கோபத்தில் கார் 'பாங் பாங்' என்று அலறத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் தோற்றுப்போய்க் குழலை இறக்கிவிட்டார்.

"நீர் போய்த் தாலியைக் கட்டும்! உந்தச் சத்தத்தை நான் நிப்பாட்டுறன்" என்று அக்கா என்னைப் பிடித்துத் தள்ளினார்.

முதல் முடிச்சு, பாங். இரண்டாம் முடிச்சு, பாங். மூன்றாவதைப் போடும்போது திடீரென்று எல்லாம் அமைதியானது. அப்போதுதான் மேளச் சத்தம் காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

தாலி கட்டுகிற படத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்து அரிசி போடுகிறார்கள். தூரத்தில், வாசலுக்கு வெளியே, திறந்த கார் பொனற்றுக்குள் தலையை விட்டபடி ஒரு நீலச்சேலை குனிந்து நிற்கிறது. என் கலியாணத்துக்காக அவ்வளவு பாடுபட்ட அக்கா, தாலி கட்டினதைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு ஆர் வந்தாலும் என் மனைவி அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுவாள். எங்களைக் காட்டமாட்டாள். நீலச்சேலையில் விரலை வைத்து, "இவதான் எங்கடை கலியாணத்தை நடத்தி வைச்ச அக்கா" என்பாள்.