ஒரு நிமிஷம், கொல்லப்பக்கம் வாங்க

வீட்டுக் கொல்லையில் திராட்சைக் கொடி வளர்ப்பவர் என்றொரு தனி இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. வாழை வைத்திருப்பவர் இதில் சேரமாட்டார். வாழை யார் வீட்டில் இல்லை? முருங்கை வைத்திருப்பவரும் சேரமாட்டார். அவர் நாலு காயைப் பறித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். திராட்சைக்காரர் கொடுக்கவும் மாட்டார், சும்மா இருக்கவும் மாட்டார். நீங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருக்கலாம், கேஸ் சிலிண்டர் இறக்கப் போயிருக்கலாம், அவர் வீட்டில் நடந்த துக்கத்தை விசாரிக்கவே போயிருக்கலாம். செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வாக்கியம் வந்துவிடும்: “ஒரு நிமிஷம், கொல்லப்பக்கம் வாங்க.”

அந்த நிமிஷத்தின் நீளம் போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்த்துவிடலாம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு, தினமும் கடலூருக்குப் பஸ்ஸில் போய் வருகிற அரசாங்க உத்தியோகஸ்தர் சிங்காரம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் செல்போனை வெளியே எடுத்துவிடுவார். தளிர், தளிரின் பக்கவாட்டுத் தோற்றம், மழையில் தளிர், வெயிலில் தளிர். கட்டிக்கொடுத்த ஒரே மகள் சிந்துஜா அனுப்பிய ஸ்கேன் படம் அந்த இலைகளுக்கு நடுவில் எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கும். “பேரப் புள்ள சார்” என்று அதை அவசரமாகத் தள்ளிவிட்டு அடுத்த இலைக்குப் போவார்.

அவருடைய ஞானம் முழுவதும் யூடியூபில் பெற்றது. மீன் கழிவை ஊறவைத்து ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. பந்தலுக்கு இரும்புக் குழாய் நடச் சொன்னார்கள், நட்டார். அவர் மனைவி எழிலரசி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடம் போயிற்று. அன்று முதல் அந்த வீட்டு ஹாலில் விருந்தாளிகள் ஈரப் புடவைகளை விலக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. முதல் வருஷம் இலை வந்தது. இரண்டாம் வருஷம் பூ வந்து கொட்டிப்போனது. ஆனால் இரண்டு வருஷமும் அவர் எல்லோரிடமும் சொன்னது ஒன்றே: “தித்திப்புன்னா அப்பிடி ஒரு தித்திப்பு சார்.”

தின்று பார்த்தாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனத்திடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

மூன்றாம் வருஷம் கொத்து விட்டது. ஆனால் அந்த வருஷம் சிங்காரத்தின் மனசு கொடியில் மட்டும் இல்லை. முழுகாமல் இருந்த சிந்துஜாவுக்கு மசக்கை விடவேயில்லை. சேத்தியாத்தோப்பில் மாமியார் வீட்டில் எதைச் செய்து கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாம் மாதமும் ஆகிவிட்டது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாய்க்கு எதுவுமே பிடிக்கவில்லை என்று அவள் போனில் சொன்ன அன்று, சிங்காரம் பந்தலுக்குக் கீழே போய் வெகு நேரம் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. திரும்பி வந்து, வளைகாப்புச் சீர்த் தட்டில் கடைத் திராட்சை வரக் கூடாது, நம் கொடியின் முதல் கொத்துதான் போக வேண்டும், அதைத் தின்றால் பிள்ளைக்கு வாய் திறந்துவிடும் என்று அறிவித்தார். சம்பந்தி இளவரசுவுக்கும் போன் போட்டுச் சொன்னார். கரும்பு போடுகிற இளவரசு, உங்கள் ஊர் உப்புக்காற்றில் திராட்சையா என்று சிரித்தார். சிங்காரம் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கொத்துகளுக்குக் கிடைத்த காவல் கோயில் உண்டியலுக்குக்கூடக் கிடையாது. எழிலரசியின் பழைய ரவிக்கைகளை வெட்டிப் பை தைத்து ஒவ்வொரு கொத்துக்கும் மாட்டிவிட்டார். கிளியைச் சந்தேகப்பட்டார், அணிலைச் சந்தேகப்பட்டார், சுவருக்கு அந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற ஸ்கூல் வாத்தியார் சார்லஸையும் சந்தேகப்பட்டார்.

எல்லாவற்றையும் தாண்டிவிட்டார். வங்கக் கடலைத்தான் தாண்ட முடியவில்லை. வளைகாப்புக்குச் சில நாள் இருக்கும்போது டிவியில் காற்றழுத்தத் தாழ்வு வந்துவிட்டது. கடலூர் என்ற பெயர் சிவப்புக் கட்டத்தில் ஓடியதுதான் தாமதம், சிங்காரம் கத்திரிக்கோலோடு கொல்லைக்கு ஓடினார். கொத்துகள் இன்னும் பச்சையாக, கல்லாக இருந்தன. சார்லஸ் சுவருக்கு மேலே தலையை நீட்டி, திராட்சை கொடியிலேயே பழுத்தால்தான் உண்டு, அறுத்துவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று சொல்லிப் பார்த்தார்.

“மாங்கா பழுக்குது, சப்போட்டா பழுக்குது, இது மட்டும் பழுக்காதா? நாங்க அரிசியில வைக்கிற ஆளுங்க வாத்தியாரே” என்றார் சிங்காரம்.

வைத்துவிட்டார். சமையலறை பிளாஸ்டிக் டிரம்மில், பொன்னி அரிசிக்குள், எல்லாக் கொத்துகளையும் குழி தோண்டிப் புதைத்து மூடியின் மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தார். புயல் என்ன ஆயிற்று? ஆந்திரா பக்கம் போய்விட்டது. சிதம்பரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. வெறுங்கொடி அந்த வெயிலில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

வளைகாப்பு அன்று விடியலில், சித்ரான்னத்துக்கு அரிசி எடுக்கப்போன எழிலரசி ஒரு கொத்தை வெளியே இழுத்தார். போட்டபோது பச்சை, இப்போதும் பச்சை. தோல் மட்டும் கொஞ்சம் சுருங்கி, மாவு பூசிக்கொண்டிருந்தது. போகிற வழியில் நல்லதாகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தணிவாகத்தான் சொன்னார். சிங்காரம் கொத்தைக் கழுவினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இந்த ரகமே இப்பிடித்தான். பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும்” என்றார்.

அப்போதும் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

சேத்தியாத்தோப்பில் பெண்கள் வரிசையாக வந்து சிந்துஜாவுக்கு வளையல் அடுக்கினார்கள், சந்தனம் பூசினார்கள். சீர்த் தட்டுகளுக்கு நடுநாயகமாகத் திராட்சைத் தட்டு இருந்தது. இளவரசு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சம்பந்தி வூட்டு சொந்த வெளச்சல்” என்று சொல்லி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். தாடை ஒரு முறை அசைந்தது. பிறகு அசையவில்லை. அவர் மனைவி பட்டம்மாள் ஒன்றைக் கடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தார். துடைத்த முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆளாளுக்கு ஒன்று எடுத்தார்கள். வித்தியாசமாக இருக்கிறது என்றார் ஒருவர். மருந்து போடாதது இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். உடம்புக்கு நல்லது என்று ஒரு கிழவர் சொன்னபோது சிங்காரத்துக்கு நிச்சயமாகிவிட்டது. நன்றாக இருப்பதை யாரும் உடம்புக்கு நல்லது என்று சொல்வதில்லையே?

அவரும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

இடது கண் தானாக மூடிக்கொண்டது. பல் கூசி, காது வரைக்கும் ஏறியது புளிப்பு. மூன்று வருஷமாகப் பஸ்ஸில், ஆபீசில், டீக்கடையில் தான் சொன்ன தித்திப்பெல்லாம் அவருக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. ஆனால் அவமானத்தைவிடப் பெரிதாக வேறொன்று உறைத்தது. பிள்ளை தின்னும் என்று நம்பி, இதையா கொண்டுவந்தோம்? தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது கொட்டிவிடலாம் என்று எழுந்தார்.

தட்டு அங்கே இல்லை. முழங்கை வரைக்கும் வளையல் குலுங்க, சிந்துஜா அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய இருந்தது.

“அப்பா, இது மாதிரி இன்னும் இருக்குதா? யாராவது கொஞ்சம் உப்பும் மொளகாத்தூளும் எடுத்தாங்களேன்” என்றாள்.

உப்பும் மிளகாய்த்தூளும் வந்தன. அவள் தொட்டுத் தொட்டுத் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, இத்தனை மாதமாகத் தின்னாததையெல்லாம் சேர்த்துத் தின்றாள். அதற்குப் பிறகு புளிசாதமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிங்காரம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரால் முடியவுமில்லை. இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் வாயடைத்து நிற்பது மிகவும் அபூர்வம், ஆகையால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு திரும்பிய கார் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“புள்ளத்தாச்சிக்கு வாய் புளிப்புதான் கேக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான முன்னாடியே அறுத்தேன். இன்னும் ரெண்டு வாரம் வுட்டிருந்தா தித்திப்பு ஜாஸ்தியாயிருக்கும்” என்றார், டிரைவரிடம்.

“அப்ப அரிசி டிரம்முல எதுக்குப் போட்டீங்க?” என்று கேட்டார் எழிலரசி.

சிங்காரம் கொஞ்சம் யோசித்தார். “அது புளிப்ப உள்ளாற புடிச்சி வைக்கறதுக்கு.”

வீட்டு வாசலில் வாடகையை வாங்கிக்கொண்டு டிரைவர் கிளம்பப் பார்த்தார். “ஒரு நிமிஷம், கொல்லப்பக்கம் வாங்க” என்றார் சிங்காரம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், தவறில்லை. எங்கள் வீட்டில் திராட்சை கிடையாது, மாடியில் நாலு தொட்டி தக்காளி மட்டும்தான் என்கிறீர்கள். அதுவும் சிங்காரம் மாதிரி இல்லை, உங்களுடையது நாட்டு ரகம், நிஜமாகவே ருசி வேறு. அப்படியா? இருக்கட்டும். இப்போது செல்போனை எடுத்து எதையோ தேடுகிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து உள்ளே வையுங்கள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது.