உடுப்பு மாற்றும் அறை

மேலே வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. கீழே கட்டம் போட்ட சாரம். லண்டன் குட்மேய்ஸ் மண்டபத்து வாசலில், காருக்குள் இந்தக் கோலத்தில்தான் கணேசலிங்கம் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். வட்டாரத்திலேயே சிறந்த வீட்டுப் பூந்தோட்டத்துக்கான பரிசை இன்னும் சற்று நேரத்தில் நகரசபையில் மேயர் கையால் வாங்க வேண்டும்.

"என்ர மண்ணிறக் கோட் சூட்டை ஏனப்பா குடுத்தனீர்?"

"வருசக்கணக்காய் நீங்கள் அதைத் தொடேல்லை. இல்லாத சனத்துக்கு உதவட்டுமெண்டுதான்..."

"இப்ப இல்லாத சனம் நான்தான்!"

"வேற காற்சட்டை ஒண்டும் இல்லையே?"

"எல்லாம் தோட்டத்து மண். மேயர் என்னை உருளைக்கிழங்கெண்டு நினைப்பார்."

அவர் மனைவி கனகாம்பிகைக்கு இரக்க குணம் அதிகம். அந்த இரக்கம் எப்போதும் கணவரின் அலுமாரியில்தான் தொடங்கும். இந்த மண்டபத்தில் 'உடுப்பு மாற்றும் நிகழ்வு' என்று வாட்ஸ்அப்பில் கண்டதும் காலையிலேயே பையோடு வந்துவிட்டார். பழையதைக் கொடுத்து வேண்டியதை எடுக்கலாம், மிஞ்சுவது அகதிகள் தங்கியிருக்கும் விடுதிக்குப் போகும் என்று அதில் போட்டிருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு கதவில் 'உடுப்பு மாற்றும் அறை' என்று தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்போது உள்ளே ஆளில்லை. பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கொடுத்ததைத் திரும்பக் கேட்க ஓடிவந்தபோது அதே அறையில் ஓர் இளம்பெண் இருந்தாள். தலை நிறையக் கிளிப், உடம்பில் நைட்டி, கையில் பாதி கடித்த றோல்ஸ்.

"பிள்ளை, காலமை ஒரு மண்ணிறக் கோட் சூட் வச்சிட்டுப் போனனான்."

"அதுவோ அன்ரி? உடுப்பிலை தேத்தண்ணி ஊத்துப்பட்டு நிண்ட ஒராள் போட்டுக்கொண்டு போட்டார். நல்லாய்ப் பொருந்தினது."

கனகாம்பிகை சுவரோரம் உடுப்புகள் தொங்கிய கம்பியைப் பார்த்தார்.

"வேற ஏதும் எடுக்கலாமோ?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். முகம் மலர்ந்தது.

"தாராளமாய் எடுங்கோ!"

கம்பியில் தொங்கியதெல்லாம் பளபளவென்று மின்னியது. லண்டன் தமிழர் கொடுக்கத் தொடங்கினால் இப்படித்தான் கொடுப்பார்கள் என்று கனகாம்பிகை பெருமைப்பட்டார். கல் பதித்த ஷெர்வானி ஒன்றோடு காருக்கு ஓடினார்.

"இதோடை போனால் மேயர் பரிசு தரமாட்டார், மொய்தான் தருவார்" என்று முணுமுணுத்தபடி கணேசலிங்கம் அதற்குள் நுழைந்தார். கையை உயர்த்தினார். முதுகுத் தையல் 'பர்ர்' என்றது.

கனகாம்பிகை கூனிக் குறுகிக்கொண்டு திரும்பி வந்தார்.

"குறை நினையாதை பிள்ளை, கிழிஞ்சு போச்சு."

"நல்லாயோ?"

"நல்லாய்த்தான்."

"இனித் தைக்க ஏலாதே?"

"ஏலாது."

"பரவாயில்லை அன்ரி!" பெண் றோல்ஸை வைத்துவிட்டு எழும்பியே விட்டாள். "இந்தாங்கோ, இந்த ஊதா வெல்வெட்டைக் கொண்டுபோங்கோ."

ஊதாக் கோட் பொருந்தியது. காற்சட்டைதான் நிலத்தில் இழுபட்டது. கணேசலிங்கம் காரின் டிக்கியைத் திறந்து, செடி வெட்டும் கத்தரியை எடுத்து, இரண்டு காலிலும் ஒவ்வொரு சாண் வெட்டி எறிந்தார்.

"இப்ப சரி. வாரும், போவம்."

ஆனால் கனகாம்பிகைக்கு மனம் உறுத்தியது. ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டை எடுத்தால் கணக்குச் சரியில்லையே. மறுபடியும் உள்ளே போய், தான் போட்டிருந்த கார்டிகனைக் கழற்றிக் கம்பியில் கொழுவினார்.

"அதுக்குப் பதிலாய் இந்தச் சீலையை எடுங்கோ அன்ரி. இந்த லெஹங்காவையும். அந்தக் கவுனையும்."

"ஐயோ, இது ஏழை எளியதுகளுக்கெண்டு வந்தது பிள்ளை."

"அப்ப அவைக்கே கொண்டுபோய்க் குடுங்கோ. இப்பவே குடுங்கோ."

கனகாம்பிகைக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா? கை நிறைய, முகம் மறையும் அளவுக்குப் பட்டையும் சரிகையையும் வாங்கிக்கொண்டார்.

வெளியே யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

"உன்ர நல்ல மனசுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார் கனகாம்பிகை. "இந்த உடுப்பு மாத்திற நிகழ்வை நீதானோ பிள்ளை நடத்திறாய்?"

"அது மேல்மாடியிலை அன்ரி. நான் கலியாணப் பொம்பிளை, இதெல்லாம் இண்டைக்கு நானும் மாப்பிளையும் மாத்தி மாத்திப் போட மாமி வாங்கின உடுப்புகள். தட்டிறது அவதான், நீங்கள் பின்கதவாலை ஓடுங்கோ!"