கலியாணக் காட்டும் கட்டின தொண்டையும்

இண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. இஞ்சை நோர்வேயிலை, குறொன்லாண்ட் பக்கத்துத் தமிழ்க்கடையிலை அதிமதுரம் வாங்கிக்கொண்டு வாறது.

தொண்டைக்குத்தான். பின்னேரம் எல்லிங்ஸ்ருட் மண்டபத்திலை எங்கட பாட்டுக் குழுவின்ர நாடகம். விக்டோரியா ராணி காலத்திலை லண்டன் மேடையளிலை சிரிப்பு ஒப்பெரா பாடின ஒருத்தற்ற கதை. முதல் பாதியிலை உச்சக் குரலிலை பாடிச் சனத்தைச் சிரிக்க வைப்பார். இரண்டாம் பாதியிலை வயசு போய், குரல் போய், மேசையிலை இருந்து மற்றவைக்குப் பாட்டு எழுதுவார்.

அவர்தான் நான். திறமையெண்டு நினைக்காதேங்கோ. அந்த உயரத்துக்குப் பாடுற ஆம்பிளையள் குழுவிலை ரெண்டு பேர்தான், மற்றவருக்கு முழங்கால் ஒப்பரேசன்.

எண்டாலும் மாசக்கணக்காய்க் குளியலறையிலை பாடிப் பழகினனான். முதல் பாதியின்ர கடைசிப் பாட்டிலை வாற அந்த உச்சத்தை ஒருக்காவது மேடையிலை பிடிக்கோணும். அவ்வளவுதான் என்ர ஆசை.

பாட்டுச் சொல்லித்தாற இங்ரிட் ஒரு கட்டளை போட்டவ. "மேடை ஏறும் வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது."

நோர்வேயிலை அது பெரிய விசயமே இல்லை. குறொன்லாண்ட் வரைக்கும் தெபான் ரெயினிலை போனன், ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை.

கடைக்குள்ளை, முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்திலை தவம் அண்ணை. வாற மாசம் திராமன் நகரத்திலை அவற்ற மகளுக்குக் கலியாணம்.

"என்ன தம்பி, சுகமோ?"

சிரிச்சன்.

"கலியாணத்துக்கு வாறீர்தானே?"

இன்னும் அகலமாய்ச் சிரிச்சன்.

"ஏன் ஐசே, வாயிலை கொழுக்கட்டையோ?"

'பாட்டு இருக்கு, கதைக்கேலாது' எண்டு போனிலை எழுதி நீட்டினன். "கண்ணாடி கொண்டரேல்லை" எண்டு தள்ளிவிட்டார். பிறகு முகம் கறுத்துது.

"விளங்குது. கலியாண அழைப்புக் காட்டை வீட்டை வந்து தராமல் போனிலை அனுப்பினதுக்குக் கோவம்."

வீடு தேடி வந்து சொல்லாத கலியாணத்துக்கு எங்கட சனம் மூஞ்சையை நீட்டுறது வழக்கம்தான். உண்மையைச் சொன்னா, எனக்கும் அதிலை கொஞ்சம் கோவம் இருந்தது. அதாலை 'இல்லை'யெண்டு தலையாட்டக் கொஞ்சம் பிந்திப்போச்சு. அதுக்குள்ளை அண்ணை வெளிய போயிட்டார்.

தவளை தன்ர வாயாலை கெடுமெண்டு சொல்லுவினம். நான் வாயை மூடிக் கெட்டனான்.

வீட்டை வர, மனுசி வாசல்லையே பிடிச்சிட்டா.

"இஞ்சாருங்கோ, தவம் அண்ணையோட என்ன சண்டை? அவற்ற மனுசி, அந்த அக்கா, அழுதுகொண்டு போன் எடுத்தவ. ரெண்டு பேரும் வந்துகொண்டிருக்கினம்."

வந்தினம். தட்டத்திலை வெத்திலை, பாக்கு, வாழைப்பழம், அச்சடிச்ச காட். தட்டத்தோட வந்து நிக்கிற ஆக்களுக்கு முன்னாலை வாய் திறக்காட்டில், பிறகு என்ர செத்தவீட்டுக்கும் ஒருத்தரும் வராயினம். திறந்தன்.

"அண்ணை, கோவமில்லை. பின்னேரம் பாடவேணும், அதுதான் கதைக்கேல்லை."

"நீரோ? பாட்டோ? சும்மா சாட்டுச் சொல்லாதையும்."

"உண்மையா, அண்ணை. ஒப்பெரா."

"அப்ப ஒருக்காப் பாடும் பாப்பம்."

ரோசம் வந்திட்டுது. பாடினன். அந்தக் கடைசி உச்சத்தை, என்ர வாழ்க்கையிலை முதல் தரம், பிசகில்லாமல் பிடிச்சன். அக்கா வாயிலை கைவைச்சா. கீழ்வீட்டுக்காரன் முகட்டிலை தட்டினான்.

அண்ணை உருகிப்போனார். "மகள் வீடியோவிலை நிக்கிறாள், அவளுக்கும் ஒருக்காப் பாடும்."

பாடினன். மாப்பிளை வீட்டாருக்கும் பாடினன். பிறகு தேத்தண்ணி ஊத்தச் சொல்ல வாயைத் திறந்தா, காத்துத்தான் வந்தது.

அதிமதுரத்தைத் தேடினன். கடையிலையே விட்டிட்டு வந்திருக்கிறன்.

மேடைக்குப் பின்னாலை இங்ரிட் "தொண்டை எப்பிடி?" எண்டு கேட்டா. தகரம் சுரண்டின மாதிரி ஒரு சத்தம் போட்டன். அவ ஏசேல்லை. கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டா.

"சரி. இரண்டாம் பாதியிலை இருந்து தொடங்குவம்."

நாடகம் முழுக்க ஒட்டுமீசையோட மேசையிலை இருந்து, இறகுப் பேனையாலை பாட்டு எழுதினன். என்ர உச்சத்தை, நான் எழுதிக் குடுத்த பாட்டாக்கி, குழுவிலை இருக்கிற ஒரு பல்லு வைத்தியப் பொம்பிளை பாடினா. கைதட்டு அவவுக்கு. அழுகையே வந்திட்டுது, சனம் அதை நல்ல நடிப்பெண்டு நினைச்சிட்டுது.

முன்வரிசையிலை தவம் அண்ணை குடும்பத்தோட. பக்கத்திலை இருந்தவருக்குச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. "வீட்டை போய்க் கேட்டா நல்லாப் பாடுவார்."

அந்த லண்டன்காரருக்குக் குரல் போக நரை விழவேண்டியிருந்தது. எனக்கு ஒரு கலியாணக் காட் போதுமாயிருந்தது.