மேசை மேல் மூன்று மண்டையோடு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் செய்வினை வைக்கத் தெரியாது. இதை நான் ஊரறியச் சொல்லலாம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொல்லக்கூடாது. அது என் தங்கை சுமதி வாழப்போன வீடு.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை மூடிக் கிடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், பொழுது சாய்ந்ததும் அதற்குள்ளிருந்து யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் வர ஆரம்பித்தது. உள்ளே ஆளில்லை. பூட்டு துருப்பிடித்திருந்தது. மனைவி செல்வி கதவில் வேப்பிலை செருகினாள். நான் குடும்பத் தலைவன் என்ற முறையில் போர்வைக்குள் போய்விட்டேன்.

அப்போது நாலாவது படித்த மகள் யாழினிதான் பட்டறை ஜன்னலில் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தாள். கூகைக் குஞ்சுகள்! ஆந்தையில் ஒரு வகை, வெற்றிலை வடிவத்தில் வெள்ளை முகம். பசித்தால் அப்படித்தான் சீறுமாம். அன்றிலிருந்து குடும்பமே செல்போனில் கூகையைப் பற்றிப் படித்தது. பயம் போய்ப் பைத்தியம் பிடித்தது. விழுங்கிய எலியின் எலும்பையும் முடியையும் கூகை உருண்டையாகக் கக்கிவிடும் என்று தெரிந்ததும், ஜன்னலடியில் கிடந்த உருண்டைகளை டிபன் டப்பாவில் பொறுக்கினோம். (பழைய டப்பாதான். செல்வி கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை சுமதியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முன்பு வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனைப் போட்டோவில் பார்த்து அவளுக்கும் பிடித்திருந்தது. ராகுகாலம் கழிந்துதான் வருவார்கள், அதுவரை சும்மா இருப்பானேன் என்று, பனியன் பிசிறு வெட்டும் மேசையில் கறுப்புத் துணி விரித்து, உருண்டைகளைப் பிரித்து எலும்புகளை அடுக்கினோம். கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்றினோம். நேரம் போனதே தெரியவில்லை.

நிமிர்ந்தால், வாசற்படியில் பையனின் அம்மா பூத்தட்டோடு நிற்கிறார்.

"ஏனுங்... இதென்னங்க?"

"பயப்படாதீங்க" என்று நான் தெளிவாக விளக்கினேன். "மண்டை மூணும் சேர்ந்திருச்சுங்க. ஒரு கை மட்டும் இன்னும் கெடைக்கலீங்க. நாங்க குடும்பத்தோட செய்யறதுங்க இது."

யாழினி தன் பங்குக்கு, குஞ்சு எப்படிச் சீறும் என்று தொண்டையைத் திறந்து சீறிக் காட்டினாள். பின்னால் பட்டறை பதிலுக்குச் சீறியது. அடுத்த நொடி ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை முகம் சத்தமில்லாமல் மிதந்து போனது. (கூகை பறந்தால் இறக்கைச் சத்தம் கேட்காது. நாங்கள் படித்திருந்தோம். அந்த அம்மா படிக்கவில்லை.)

பூத்தட்டு கீழே கிடந்தது. அவர்கள் வந்த ஆம்னி வேனைக் காணோம்.

"இனி உங்க கூகையோடயே குடும்பம் நடத்துங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சுமதி அழுதாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொந்தத் தங்கையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன்.

அப்புறம் போன் வந்தது. அந்த அம்மாதான்.

"எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. வேண்டாம்னு நாங்க ஒரு வார்த்தை சொல்லலீங்க. மனசுல எதும் வெச்சுக்காதீங்க சாமி."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இன்றைக்கும் சுமதி எழுவதற்குள் மாமியார் காபி போட்டு வைத்துவிடுகிறார். நான் போனால் மரியாதையாக உட்கார வைத்துவிட்டு, உள்ளே ஓடித் தன் தலைமுடி சிக்கிய சீப்பை ஒளித்து வைக்கிறார். உண்மையைச் சொல்ல ஒருமுறை வாயெடுத்தேன். சுமதி என் காலை மிதித்தாள்.

எப்போதாவது மாமியார் குரல் கொஞ்சம் உயர்ந்தால், அவள் எதிர்த்துப் பேசுவதில்லை. எங்களுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து யாழினியிடம் கேட்கிறாள்:

"ஏங் கண்ணு, அந்த இன்னொரு கை கெடைச்சுதா?"