இருவாச்சி வாங்கிய தள்ளுவண்டி

ஒரு காட்டில் ஓர் இருவாச்சிப் பறவை இருந்தது. பெயர் ஏகாம்பரம். பெரிய அலகு, அதன்மேல் மஞ்சள் கொண்டை, அந்தக் கொண்டைக்குள் வெறும் காற்று. இவ்வளவு துல்லியமாக உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த இருவாச்சி நான்தான்.

எங்கள் இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் மனைவி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். சேறும் எச்சமும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துவிடுவாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருப்பாள். பிள்ளை ஓரளவு வளரும்வரை அவள் உள்ளே, கணவன் வெளியே. கணவனுக்கு ஒரே வேலைதான். அத்திப்பழங்களைப் பறித்துத் தொண்டையில் அடக்கி வந்து, கீறல் வழியாக ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். இதற்கு அறிவு தேவையில்லை. எங்கள் இனம் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி பொற்கொடி சொல்வாள்.

முட்டை பொரிந்த அன்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. கீறலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரே இருட்டு. இளஞ்சிவப்பாக ஓர் அலகு நுனி மட்டும் தெரிந்து மறைந்தது.

"பொண்ணு பொறந்திருக்குங்க," என்றாள் பொற்கொடி.

நான் அழுதுவிட்டேன். அழுது முடித்ததும் பயம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு வெறும் அத்திப்பழம் போதுமா? அப்பன் என்று இருப்பவன் இன்னும் ஏதாவது செய்ய வேண்டாமா?

இப்படி யோசிக்கிற அப்பன்களுக்காகவே எங்கள் காட்டில் ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவர் குயில் சாருமதி மேடம். நாவல் மரத்தடியில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். 'குழந்தையின் எடை' என்ற இடத்தில் 'சுவருக்குப் பின்னால் இருக்கிறது' என்று எழுதினேன். 'யார் சாயல்' என்ற இடத்தில் 'அலகு நுனி என்னைப் போல' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"வாங்க டாடி, உட்காருங்க," என்றார் மேடம். "எனக்கு இதுவரைக்கும் பதினெட்டுக் குழந்தைங்க. ஒருத்தருக்காகக்கூட நான் தூக்கம் கெட்டதில்ல. எல்லாம் சரியான பொருள் கையில இருக்கிறதுலதான் இருக்கு."

கை இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் சிறகைத் தட்டினேன். கடைசி வரிசையில் காகம் இருளாயி நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினெட்டில் இரண்டு அப்போது இருளாயியின் கூட்டில்தான் வளர்ந்துகொண்டிருந்தன. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படி அசிரத்தையாக இருந்தால் பிள்ளைகள் எப்படி உருப்படும் என்று மனத்துக்குள் நொந்துகொண்டேன்.

மேடம் ஒரு பட்டியல் கொடுத்தார். தலைப்பு, 'இவை இல்லாமல் குழந்தை இல்லை'. முதலில் தள்ளுவண்டி. பிறகு பால் புட்டி சூடாக்கி. பறவைக்குப் பால் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் அருவி ஓசை எழுப்பித் தூங்கவைக்கும் ஒலிப்பெட்டி. எங்கள் மரம் அருவிக்கு நேர் எதிரே இருப்பதும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் கரடியின் கடை வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு முயல் நின்றது. ஏழாவது பிரசவமாம். அது எல்லாவற்றையும் ஏழு ஏழாகக் கேட்டு வாங்கியது. என் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. பெருமையோடு சூடாக்கியை அலகில் கவ்வி, தள்ளுவண்டியைக் கால்களில் இடுக்கிக்கொண்டு, நாலு இடத்தில் இறங்கி இளைப்பாறி, மரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"ஏங்க, காலையிலேந்து ஒரு பழம்கூட வரலியே," என்றது கீறல்.

"அதை விடு. என்ன கொண்டுவந்திருக்கேன் பாரு!"

கீறலில் ஒரு கண் தெரிந்தது. அது வண்டியைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"இது எப்படி உள்ள வரும்?"

"மடக்கலாம் பொற்கொடி."

மடக்கினேன். மடக்கியபின் அது ஒரு மான் அளவுக்கு வந்தது. இன்னொரு முறை மடக்கப் பார்த்ததில் என் இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. காலை விடுவிக்கும் வழி தெரிந்துகொள்ள விளக்கப் புத்தகத்தை எடுத்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. வாங்கியவற்றில் கீறல் வழியாக நுழையக்கூடியது அந்தப் புத்தகம் ஒன்றுதான். சுருட்டி உள்ளே நீட்டினேன். நேரத்தைப் போக்கவாவது பொற்கொடி படிப்பாளே என்ற நல்ல எண்ணம்.

உள்ளே ஏதோ கிழிபடும் சத்தம் கேட்டது.

"ஐயோ, பாப்பா அதைத் தின்னுடுச்சுங்க!"

காலை உருவிக்கொண்டு நாவல் மரத்துக்குப் பறந்தேன். அவசரம் என்று சொன்னதால் அவசரப் படிவம் கொடுத்தார்கள். அது சாதாரணப் படிவத்தைவிட இரண்டு பக்கம் கூடுதல். எல்லாவற்றையும் படித்துவிட்டு மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எந்த மொழிப் பக்கத்தைத் தின்னுச்சு?"

"தெரியலீங்களே."

"பரவால்ல டாடி. பிறமொழி சீக்கிரம் வரும். அழுதுச்சுன்னா பயப்படாதீங்க, அது வளர்ச்சிக் கட்டம். ஒலிப்பெட்டிய வாங்கி மாட்டுங்க."

மறுபடியும் கரடி கடை, மறுபடியும் வரிசை. பெட்டியோடு திரும்பும் வழியில் இருளாயி எதிரே வந்தாள். வாயில் இரை, கண்ணில் தூக்கம்.

"அண்ணே, உங்க புள்ள பசியில கத்துது. அருவிச் சத்தத்தையும் மீறி என் கூடு வரைக்கும் கேக்குது."

"அது வளர்ச்சிக் கட்டம்மா. வகுப்புல ஒழுங்கா கவனிச்சிருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றேன் நான்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பதில் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. அவள் கூட்டில் அவள் சாயலே இல்லாத இரண்டு பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

ஒலிப்பெட்டியைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு முடுக்கினேன். அருவிக்கு எதிரே இன்னோர் அருவி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் என் மகளின் அழுகை நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா பொற்கொடி! பெட்டி வேலை செய்யுது!"

கீறல் வழியே பொற்கொடி பேசினாள். அவள் கோபப்படவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது.

"பெட்டியால இல்லங்க. கத்துறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

அன்று நான் பறந்ததைப் போல என் வாழ்நாளில் பறந்ததில்லை. அத்திமரத்தில் பழம் எது, இலை எது என்று பார்க்காமல் வாரி விழுங்கினேன். திரும்பி வந்து கீறலில் அலகை வைத்தேன். முதல் பழத்தைப் பொற்கொடி வாங்கினாள். அவளும் முழுப்பட்டினி, ஆனாலும் தான் தின்னவில்லை. உள்ளே திரும்பினாள். நான் காத்திருந்தேன். என் மகள் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். என்னைவிடக் கேவலமான அப்பன் இந்தக் காட்டில் இல்லை என்றும் நினைத்தேன். இரண்டில் ஒன்று தவறு.

"முழுங்கிடுச்சு," என்றாள் பொற்கொடி. "இன்னொண்ணு குடுங்க."

இருட்டும்வரை முப்பத்தேழு பழங்கள் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. இங்கே கதையை முடித்திருந்தால் நான் திருந்திய அப்பனாகியிருப்பேன்.

சில வாரங்கள் போயின. பொற்கொடி வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். மரத்தடியில் கிடந்த வண்டியையும் சூடாக்கியையும் பார்த்தாள். "இனிமே நானும் பழத்துக்குப் போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

பொந்தின் வாசல் இப்போது அகலமாகத் திறந்திருந்தது. எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: ஒலிப்பெட்டி உள்ளே போகும்!

பெட்டியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். முதல்முறையாக என் மகளை முழுதாகப் பார்த்தேன். பாதி இறகு, பாதி தோல், பெரிய கண்கள். காட்டிலேயே அசிங்கமான பிள்ளை அதுதான், அதைவிட அழகாக எதையும் நான் பார்த்ததில்லை. அவளும் என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்த பெட்டியையும் பார்த்தாள்.

பிறகு குனிந்து, பொந்துக்குள் கிடந்த சேற்றையும் பழச்சக்கையையும் அலகால் அள்ளி, வாசலைப் பூசத் தொடங்கினாள். இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாகவே வரும். ஆனால் என் மகளுக்கு வந்த வேகம் வேறு யாருக்கும் வந்ததில்லை என்று பொற்கொடி சொல்கிறாள். சுவர் எழுந்தது. ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது. சரியாக ஓர் அத்திப்பழம் நுழையும் அளவு, விளக்கப் புத்தகத்தைச் சுருட்டினாலும் நுழையாது.

செய்தி கேட்டுச் சாருமதி மேடம் நேரில் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே பட்டியலில் தள்ளுவண்டிக்கும் மேலே புதிதாக ஒன்று சேர்ந்தது: 'குழந்தைகளுக்கான தூய சேறு, ஒரு பொட்டலம்.'

கரடி கடை வரிசையில் முதல் ஆளாக நின்றவன் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நீதி: பிள்ளை வளர்ப்பில் மிகவும் உதவியான பொருள் ஒரு சுவர், பிள்ளை உள்ளேயும் அப்பன் வெளியேயும் இருக்கும்வரை இருவருக்கும் ஆபத்தில்லை. தள்ளுவண்டி வேண்டுவோர் அருவி மரத்தடியில் வந்து எடுத்துக்கொள்ளலாம், மடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.