மாமனார் பேசும் கேசட்

அந்தக் கேசட் இந்த ஜென்மத்தில் ஓடக்கூடாது என்று டிவி மெக்கானிக் சபதம் எடுத்தார். ஊரார் வீட்டு டிவியையெல்லாம் ஓடவைத்துப் பிழைக்கிறவர் எடுக்கக்கூடிய சபதமா அது? வேறு வழியில்லை.

மாமனார் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் குரல் மிச்சமிருந்தது கல்யாண வீடியோ கேசட்டில் மட்டும்தான்; அதைப் போட்டுக் காட்டச் சொல்லி மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அதன்மேல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெற்றுக் கேசட் அகப்படாத அவசரத்தில், இவர் கால்பந்து ஃபைனலைப் பதிந்து தொலைத்திருந்தார். பதினெட்டு வருடமாக மூச்சு விடவில்லை.

"புது டிவி தட்டை டிவிம்மா. பழைய பிளேயர் சிக்னல் இதுக்குப் புரியாது."

"நடுவுல ஒரு கன்வர்ட்டர் வெச்சா புரியுமாமே?" என்றாள் மனைவி.

"யார் சொன்னா?"

"நீங்கதான். போன வாரம் டாக்டர் வீட்டுக்குப் போன்ல."

நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றோடு வந்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஆபரேஷன் செய்கிற முகத்தோடு ஒவ்வொன்றாகச் செருகினார். டிவியில் வெறும் நீலம். உதட்டைப் பிதுக்கினார்.

"கேசட் செத்துப்போச்சும்மா."

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது புதுசைப் பழசா மாத்துற பெட்டி. நமக்கு வேணுங்கறது பழசைப் புதுசா மாத்துறது. இன், அவுட்னு எழுதியிருக்கே, உங்களுக்கா தெரியாது?"

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானே இருக்கும்..."

"அதான் நானே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

அதை மாட்டினாள். கல்யாணக் கேசட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை உருவினாள். 'என் கல்லூரி நாடகம். யாரும் தொடக்கூடாது' என்று மெக்கானிக்கின் கையெழுத்து.

"அது என் ராஜா வேஷம்மா!"

அவள் காதில் வாங்கவில்லை. திரை நடுங்கியது, கோடு விழுந்தது, மாமனார் வந்தார்.

"பொண்ணைப் பத்திரமா பாத்துக்குங்க, மாப்பிள்ளை" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மெக்கானிக்குக்கும் கண் நிறைந்தது. வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடப் பாரம் இறங்கியதில் ஆறுதலாகவும் இருந்தது.

"இது எப்படி இதுக்குள்ள?"

"கல்யாணமான மாசமே உங்க தங்கச்சி பொறந்தநாள் கேசட்டுல குத்துச்சண்டை பதிஞ்சீங்க. அன்னைக்கே இந்த ரெண்டு லேபிளையும் மாத்தி ஒட்டிட்டேன். உங்க நாடகம்னா நீங்க கை வைக்கமாட்டீங்கல்ல?"

"அப்போ... என் ராஜா?"

"அவர்மேலதான் ஃபைனல் ஓடுது, நீங்க பதிஞ்சப்பவே பாத்துட்டேன். பதினெட்டு வருஷமா நீங்களே உங்க நாடகத்தைப் போட்டுப் பாக்கலையேங்க!"