கடைவாய்ப் பல்லும் மஞ்சள் பொத்தான் பூவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், என் இடது கடைவாய்ப் பல் நீங்கலாக.

போன மாதம் நீங்கள் என்னைக் கேட்டீர்கள்: "ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குறேன், சொந்த மாமனார் பல்லை மட்டும் தொட விட மாட்டேங்கிறீங்களே, ஏன் மாமா?" பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். உண்மை இதுதான்: ஊசி. நாற்பது வருடம் வகுப்பில் பிரம்போடு நின்றவன், ஊசியைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

ஆகவே வேறு வழி தேடினேன். புதரோரம் முளைக்கும் ஒரு பூண்டு, இதழே இல்லாத மஞ்சள் பூ, சட்டைப் பொத்தான் அளவு, மென்றால் வாய் மரத்துப்போகும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஆனால் மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் அதுவாகிவிடாது. உதாரணமாக, என் வகுப்பில் இரட்டையர் இருந்தார்கள். ஒருவன் செய்த குறும்புக்கெல்லாம் மற்றவனை ஒரு வருடம் முட்டி போட வைத்திருக்கிறேன். அதனால் இலை, தண்டு, பூ மூன்றையும் ஒத்துப் பார்க்க, என்னோடு நடக்க வரும் தபால்காரரைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவர் கைப்பேசியில் செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லுமாம். முதலில் சாமந்தி என்றது, பிறகு முள்ளங்கி என்றது, மூன்றாம் முறை குறுக்கே வந்த அவர் கட்டை விரலைக் காளான் என்றது. "இது சரிப்படாது சார், நீங்களே வாயில போட்டுப் பாத்துடுங்க" என்றார். நான்கு பூவைப் போட்டு மென்றேன். அரைப் பூவே அதிகம் என்று புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. கேள்வித்தாளைத் திருப்பிப் பார் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

நாக்கு போயிற்று, உதடு போயிற்று, எச்சில் மட்டும் நின்றபாடில்லை. தபால்காரர் தந்தி மாதிரி ஓடி உங்கள் அத்தையைக் கூட்டி வந்தார், அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி. என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்க, அத்தை சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் வாயை மூடினதே இல்லை டாக்டர். இன்னிக்கு மூடிட்டார். ஏதோ பெரிய வியாதி." நான் சைகையில் தாள் கேட்டேன். தாள் வந்ததும், ஓரம் மடித்து, தேதி போட்டு, தலைப்பு எழுதி, அடிக்கோடிட்டு, முன்னுரையை முடித்துச் செடிக்கு வருவதற்குள் தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நாக்கு தானாகத் திரும்பியது.

ஆக, செடி அகப்பட்டது, வலியும் பறந்தது. திங்கட்கிழமை எனக்கென்று நீங்களாகவே ஒதுக்கிய நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள். உங்கள் முப்பத்திரண்டும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை நாக்கால் ஒட்டும்போது வலி திரும்பிவிட்டது. உங்கள் அத்தை இப்போதுதான் சொல்கிறாள், அன்று ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு ஊசி போட்டார்களாம். முன்னுரை எழுதுவதில் மூழ்கியிருந்த நான் கவனிக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை வருகிறேன். ஊசியை எடுக்கும் முன் என் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துப் பாருங்கள்.